குதிரையா, மணிக்கூண்டா?

எங்கள் கட்டிடத்தின் மேல் மாடியில் இருப்பவரை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கடைவீதி முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பார்த்தால் பரம சாது. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. குரல் உயராது. மாடிப்படியில் யார் எதிரே வந்தாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் என் தலைக்கு மேலே இடியை இறக்குவார். நான் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்கிற நேரம் பார்த்து ஹெவி மெட்டல் பாட்டு தொடங்கும். என் வீட்டு மின்விசிறி கூட உதறும்.

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று மேலே போனேன். கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் கனத்த உடம்புக்காரர் ஒருவர் சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி. பின்னால் இசைத்தட்டுப் பெட்டியின் பக்கத்தில் கண்ணாடிக்காரர் நின்றுகொண்டு, "முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் கண் சோதிக்கும்போது வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாரே, அதே குரல், அதே பொறுமை. எனக்குச் சண்டை மறந்துபோய்விட்டது.

சுவரைப் பார்த்திருந்தவர் அவருடைய மனைவிக்கு அண்ணன். பஸ் டெப்போவில் மெக்கானிக். கண்ணாடிக்காரர் அவரை மச்சான் என்று கூப்பிடப்போய், கட்டிடம் முழுக்கவே அவர் மச்சான் ஆகிவிட்டார். பதிலுக்கு அவர் வாய் நிறைய மாப்பிள்ளை என்பார். கண்ணாடிக்காரர் மனைவி கல்யாணமாகி வந்தபோது அண்ணனும் கூடவே ஒரு கட்டு இசைத்தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். தன் வீட்டில் போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை என்பது காரணம்.

"சீர் வரிசைன்னு ஊர்ல என்னென்னமோ குடுக்கறாங்க. எங்க அண்ணன் எனக்கு இந்த இரைச்சலைக் குடுத்தாரு," என்பார் அந்த அம்மா.

மச்சான் ஹார்ட் ராக் கட்சி. கண்ணாடிக்காரர் ஹெவி மெட்டல் கட்சி. எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அதுவரை எதிரெதிராக இருந்த இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிட்டார்கள்.

"ஹார்ட் ராக்ல ஆள் இருக்கான் சார். பாடறவன் நடுவுல சிரிக்கிறான். டிரம்ஸ்காரன் கொஞ்சம் சோம்பலா, பின்தங்கி அடிக்கிறான். அந்தச் சோம்பல்லதான் பாட்டு நடை போடுது," என்றார் மச்சான்.

"மெட்டல்ல சோம்பலுக்கு இடமே கிடையாது சார். ரெண்டு கிதார் ஒண்ணை ஒண்ணு துரத்தும். கல்யாண வீட்டுல பாடறவனுக்கும் போர்க்களத்துல பாடறவனுக்கும் வித்தியாசம் வேணாமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

எத்தனை தட்டுகள் இருந்தாலும் கடைசியில் போட்டி இரண்டுக்கு இடையில்தான் வந்து நிற்கும். மச்சானுடைய ஆல்பத்தின் அட்டையில் பெட்ரோல் பங்கில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கும். கண்ணாடிக்காரருடையதில் முள் இல்லாத மணிக்கூண்டு. குதிரை, மணிக்கூண்டு என்றே பேர் வைத்துவிட்டார்கள். முதல் பாட்டோடு முதல் பாட்டு, மெதுவான பாட்டோடு மெதுவான பாட்டு, கடைசிப் பாட்டோடு கடைசிப் பாட்டு. கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர், அதாவது மச்சான், சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். திரும்பக் கூடாது.

"முதல் அடியிலேயே எது யாரோடதுன்னு தெரிஞ்சிடுமே? அப்புறம் எதுக்கு இந்தச் சுவர்?" என்று கேட்டேன்.

"யாருன்னு தெரியும் சார். எப்படின்னு கேக்கத்தான் சுவர்," என்றார் மச்சான்.

அவர் தீர்ப்பில் ஓரவஞ்சனை இருக்காது. முதல் பாட்டில் மணிக்கூண்டுதான் நன்றாக இருக்கிறது என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வார். ஆனால் மெதுவான பாட்டில் மட்டும் குதிரையை அசைக்க முடியாது. அந்தப் பாட்டின் முடிவில் கிதார், குரல் எல்லாம் அடங்கிப்போகும். அப்போது டிரம்ஸ்காரன் சிம்பல் என்கிற வெண்கலத் தாளத்தின் உச்சியில் குச்சி நுனியால் ஒரே ஒரு தடவை தொடுவான். தூரத்தில் சின்ன மணி ஒன்று அடித்தது போலக் கேட்கும். மச்சான் அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "இந்த மணிக்கு உங்க மணிக்கூண்டுல பதில் இருக்கா மாப்பிள்ளை?" என்பார். மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போகும். வருஷக்கணக்கில் இதே கதை.

இனி சொல்லப்போவதைக் கண்ணாடிக்காரர் பின்னால் ஒருநாள் கடையில், என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். ஒரு ஞாயிறு மச்சான் கொஞ்சம் அதிகமாகவே கேலி செய்துவிட்டார். ஆம்ப்ளிஃபையரில் ட்ரெபிள் என்று ஒரு திருகு உண்டு, கூர்மையான மெல்லிய ஒலிகளைக் கூட்டவும் குறைக்கவும். மச்சான் சுவரைப் பார்த்திருந்தபோது, குதிரை ஓடுகையில் மட்டும், கண்ணாடிக்காரர் அதை ஒரு துளி குறைத்துவிட்டார். மணிக்கூண்டு ஓடும்போது பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

அன்று மச்சான் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. குதிரைப் பாட்டின் கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு மெல்ல, "மணிக்கூண்டு," என்றார். கண்ணாடிக்காரருக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் ஒரு துளி. அதற்கடுத்த ஞாயிறு இன்னும்.

"கடையில தினம் பாக்கறேன் சார். வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா யாரும் வில்லையைக் குறை சொல்ல மாட்டாங்க. தன் கண்ணுதான் சரியில்லைன்னு நெனைப்பாங்க. தெரிஞ்சேதான் பண்ணேன்," என்றார். தெரிந்தே என்கிற இடத்தில் துணி என் கண்ணாடியைவிட்டு நழுவிக் கீழே விழுந்தது.

மச்சான் பேச்சைக் குறைத்துக்கொண்டார். நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து வலது காதைப் பெட்டிப் பக்கம் திருப்பினார். தங்கை வைத்த டீ ஆறிப்போனது. தோற்ற வருத்தம் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார். அதில் ஒரு குஷி வேறு.

இதில் மச்சானுடைய வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெப்போவில் பழுது பார்த்த பஸ் எதுவும் நேராகச் சாலைக்குப் போகாது. முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வரும். மச்சான் வாசலோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் தேய்ந்திருந்தால் மெல்லிசாக ஒரு கீச்சொலி வரும். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவில் அதை அவர் பிரித்துவிடுவார். அவர் தலையசைத்தால்தான் வண்டி வெளியே போகும். கருவிகள் வந்த பிறகும் கடைசித் தலையசைப்பு அவருடையதுதான். ஜனங்கள் ஏறுகிற வண்டி, விளையாட்டில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கண்ணாடிக்காரர் மனைவி துணி தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏங்க, அண்ணனுக்குக் காது போயிட்டு இருக்காம். யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. உங்ககிட்ட சொல்லாம எப்படி இருக்கறது?"

"யார் சொன்னா காது போச்சுன்னு?"

"நம்ம வீட்டுல பாட்டு கேக்கறப்பதான் கண்டுபிடிச்சாராம். அந்தக் குதிரைப் பாட்டு முடிவுல ஒரு மணி வருமாமே, அது வாரா வாரம் தேஞ்சுக்கிட்டே வந்து இப்ப கேக்கவே இல்லையாம்."

"மணிக்கூண்டு மட்டும் நல்லா கேக்குதாமா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"அதையும் கேட்டேன். அது செவிடனுக்கும் கேக்கும், சின்னச் சத்தம்தான் முதல்ல போகும்னாரு. பஸ்ல குழந்தை குட்டியோட போறாங்க, இந்தக் காதை நம்பி எப்படித் தலையாட்டறதுன்னு ராத்திரியெல்லாம் தூங்கறதில்லையாம். திங்கக்கிழமை மேலாளர்கிட்ட சொல்லி விலகிக்கப் போறாராம்."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். மனைவி இரண்டு திட்டு திட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் இந்த மனிதருக்கு வாய் வரவில்லை. குனிந்து நிமிர்ந்தால் குற்றம் நெஞ்சில் இடித்தது. கடைசியில் கோழைக்குத் தோன்றும் யோசனைதான் அவருக்கும் தோன்றியது. மறுநாள் திருகை முழுக்க ஏற்றிவிட்டால் மச்சானுக்கு மணி கேட்டுவிடும், பயம் போய்விடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. குதிரையின் மெதுவான பாட்டு ஓடி அடங்கியது. மணி பளீரென்று அடித்தது. மச்சானுடைய முதுகு நிமிர்ந்தது. பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, விதியை மீறித் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"எனக்காக ஏத்தி வெச்சீங்க, இல்ல மாப்பிள்ளை?"

கண்ணாடிக்காரர் தட்டை எடுத்து உறையில் போடப் போனார்.

"தங்கச்சி சொல்லியிருப்பா. இவ்வளவு கூர்மையா இதை நான் ஒருநாளும் கேட்டதில்ல. ஏத்தினாத்தான் எனக்குக் கேக்கும்னு ஆயிடுச்சு பாருங்க." எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருந்தாலும் ஒரு தடவை கேக்க வெச்சீங்களே. பெரிய மனசு."

மச்சான் இறங்கிப் போன பிறகு கண்ணாடிக்காரர் பின்னாலேயே ஓடினார். என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். தெருவில் மச்சான் கண்ணுக்கு மறைகிற வரை நின்றார். பின்னாலேயே இறங்கி வந்த நான் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று மேலே ஏறிப் போய்விட்டார். அந்தப் பெரிய மனசு என்கிற வார்த்தைதான் அவரைக் கொன்றுவிட்டது என்று பிறகு சொன்னார்.

திங்கட்கிழமை கடையில் ஒருவருக்கும் சரியாகக் கண் பார்க்க முடியவில்லை. மத்தியானமே கதவை இழுத்து மூடிவிட்டு டெப்போவுக்குப் போனார். மச்சான் முற்றத்தோரம் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே மேலாளரிடம் சொல்லியாகிவிட்டது. வாசலோரம் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், உங்க காது நல்லாத்தான் இருக்கு. நான்தான் திருகைக் குறைச்சேன்."

மச்சான் சிரித்தார். "என்னைத் தேத்தறதுக்கு வேற பொய் கிடைக்கலையா மாப்பிள்ளை?"

அதுதான் கொடுமை. தான் அயோக்கியன் என்பதை இவர் மல்லுக்கட்டி நிரூபிக்க வேண்டியிருந்தது. எந்த வாரம் எவ்வளவு திருகினார், எந்த வாரம் மச்சான் திரும்பப் போடச் சொன்னார், அப்போது தான் எப்படிச் சிரிப்பை அடக்கினார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்ல மச்சானுடைய முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"எதுக்கு?" என்றார்.

"ஜெயிக்கறதுக்கு."

"மணிக்கூண்டு ஜெயிக்கறதுக்கா?"

"ஆமா மச்சான்."

முற்றத்தில் ஒரு பஸ் சுற்றி வந்து வெளியே போனது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே," என்றார்.

இரண்டு பேருமாக மேலாளரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் காது கேட்கவில்லை என்று ஒருவர் தன் வாயால் சொன்ன பிறகு சோதிக்காமல் விட முடியாது என்றார். டாக்டர் சோதித்தார். டெப்போ இரைச்சலில் பல வருஷமாக லேசாகத் தேய்ந்த காது, புதிதாக ஒன்றும் ஆகவில்லை என்றார். அந்தத் தேய்ந்த காதை வைத்துக்கொண்டுதான் மச்சான் இத்தனை காலம் ஒரு வண்டியைக்கூடத் தவறவிடாமல் அனுப்பியிருக்கிறார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாரும் சோதித்திருக்கவே மாட்டார்கள். இப்போது விதிப்படி வாசலில் நிற்க முடியாது. உதிரிபாக அறையில் போட்டார்கள். அங்கே நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சில ஞாயிறுகள் மச்சான் வரவில்லை. என் மத்தியானத் தூக்கம் அமைதியாகக் கழிந்தது. எனக்கே அது பிடிக்கவில்லை. பிறகு ஒருநாள் வந்தார். வேலை எப்படி என்று தங்கை கேட்டதற்கு, "அங்க சத்தமே இல்லம்மா," என்று மட்டும் சொன்னார். நேராக ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கண்ணாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. வாரா வாரம் தீர்ப்புச் சொல்கிறவர் இவர். திருகுப் பக்கம் நிற்கிறவர் மச்சான். வாரா வாரம் குதிரைதான் ஜெயிக்கிறது.

போன வாரம் கடையில் கண்ணாடிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மணிக்கூண்டு மங்கிக் கேக்குது சார். வாரத்துக்கு வாரம் மங்குது. மச்சான் குறைக்கறாரு."

"கேக்கலாமே?"

"எந்த வாயால கேக்கறது? குறைக்கட்டும் சார். எவ்வளவு வேணும்னாலும் குறைக்கட்டும்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பல நாளாகப் பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது.

இந்த ஞாயிறு வேண்டுமென்றே மேலே போய், திருகு தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். குதிரை ஓடியது. மணிக்கூண்டு ஓடியது. திருகு நட்ட நடுவில் இருந்தது. மச்சான் தட்டை மாற்றுகிற நேரம் தவிர இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"முதலாவதா, ரெண்டாவதா மாப்பிள்ளை?"

"முதலாவதுதான் மச்சான்," என்றார் சுவரைப் பார்த்தபடி.

"அவசரப்படாதீங்க. இன்னொரு தடவை போடறேன், நல்லா கேளுங்க," என்று மச்சான் மணிக்கூண்டையே மறுபடி போட்டார். கை மறுபடி முதுகுக்குப் பின்னால் போனது. கண்ணாடிக்காரர் மறுபடியும் முதலாவது என்றார்.

மச்சான் போன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படியில் இவரைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். "அவர் குறைக்கலைங்க. திருகைத் தொடவே இல்ல. என் கண்ணால பாத்தேன்."

கண்ணாடிக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்தவர்களுக்கு வழி விடக்கூட நகரவில்லை.

"குறைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்," என்றார்.