மர்பி டவுனில் கரண்ட் போனால் சர்வர் செத்துவிடும்

சர்வரைக் காவல் காக்கிறவன் பிழைப்பு இப்படித்தான்: அது ஓடுகிற நாளில் இவன் எதற்குத் தண்டச் சம்பளம் என்று கேட்பார்கள், அது நின்ற நாளில் இவன் எங்கே தொலைந்தான் என்று கேட்பார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சகாக்களே, உங்களுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பெங்களூரில் வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வர ஆரம்பித்திருந்த காலம். எங்கள் கம்பெனியில் வி.பி.என். என்று ஒரு ஏற்பாடு செய்தோம். வீட்டில் உட்கார்ந்தபடியே ஆபீஸ் கணினிகளுக்குள் நுழைய ஒரு தனி வழி. அந்த வழிக்கு வாசற்கதவு மாதிரி ஒரு சர்வர். கதவு திறந்திருக்கிறதா என்று அல்லும் பகலும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஏற்பாட்டைச் செய்வது என் தலையில் விழுந்தது.

பச்சை விளக்கு

வி.பி.என். யாருக்கு உயிர்நாடி என்றால், எங்களோடு வேலை பார்த்த ஸ்டெல்லாவுக்கு. விவேக் நகரில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா கோலார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தங்கத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டது, தூசியை இவர் நுரையீரலில் கொண்டுவந்துவிட்டார். மூச்சு எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது, பக்கத்தில் ஆள் இருந்தே தீரவேண்டும். எங்கள் மேனேஜர் நாகராஜ் கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் கண்ணில் படாத ஆளை நம்பமாட்டார். தீபாவளி வரைக்கும் பார்ப்பேன், லைன் ஒழுங்காக நிற்கவில்லையென்றால் எல்லோரும் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்படி ஒரு நிலை வந்தால் வேலையை விடுவதைத் தவிர ஸ்டெல்லாவுக்கு வேறு வழி கிடையாது. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் மெனக்கெட்டு ஒரு ஏற்பாடு செய்தேன். சில நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு கணினி சர்வரைத் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ஒரு வாரம் பச்சைப் பசேல் என்று இருந்தது. நாகராஜைக் கூப்பிட்டுக் காட்டி மார்தட்டிக்கொண்டிருந்தபோதே ஸ்டெல்லாவிடமிருந்து போன். காலையிலிருந்து உள்ளே நுழையவே முடியவில்லையாம். வெளியிலிருந்து ஆபீசுக்கு வருகிற இன்டர்நெட் லைனே அறுந்து கிடந்திருக்கிறது. தட்டிப் பார்க்கிற கணினியும் சர்வரும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் அதுகள் இரண்டும் ஜாலியாகக் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். "அண்ணா, நீங்க வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு கதவு தொறந்திருக்குன்னு சொல்றீங்க. நான் தெருவுல நின்னு தட்டிக்கிட்டிருக்கேன்."

சட்னி

சரி, வெளியிலிருந்து தட்ட ஒரு ஆள் வேண்டும். ஆபீசில் கழித்துப்போட்ட பழைய கணினி ஒன்றை மர்பி டவுனில் என் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அது என் வீட்டு பிராட்பேண்டிலிருந்து சில நிமிஷத்துக்கு ஒருதரம் வி.பி.என். வழியாக உள்ளே போய், ஆபீஸ் கணினியிடம் 'வந்துட்டேன்' என்று தலையைக் காட்டிவிட்டு வர வேண்டும். வரவில்லையென்றால் வி.பி.என். அவுட் என்று எனக்கும் நாகராஜுக்கும் எஸ்.எம்.எஸ். பறக்கும், மறுபடி தலையைக் காட்டினால் வந்துவிட்டது என்று இன்னொன்று. பிரமாதமான யோசனை, இல்லையா?

முதல் நாளே காலை நேரத்தில் எஸ்.எம்.எஸ். வந்தது. பஸ்ஸில் நின்றபடி போனில் சர்வரை எழுப்பச் சொல்லி ஆபீசில் எல்லோரையும் விரட்டினேன். சர்வருக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். சமையலறைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். என் மனைவி வசந்தா கணினியைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைச் செருகியிருக்கிறாள். கம்பெனியே ஸ்தம்பித்துப் போய்விட்டது தெரியுமா என்று கத்தினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "ஒரு சட்னி அரைக்கிற நேரம்கூட தாங்காதா உங்க கம்பெனி?"

மாவு

வேறு ப்ளக் பாயிண்ட் போட்டுச் சட்னியைச் சமாளித்தேன். கரண்டை என்ன செய்வது? மர்பி டவுனில் அந்த வருஷம் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கரண்ட் போனால் பெட்டி அணையும், பெட்டி அணைந்தால் வி.பி.என். செத்ததாக நாகராஜுக்குத் தந்தி. கரண்ட் போனாலும் பெட்டியை ஓட்ட வீட்டுக்கு ஒரு யூ.பி.எஸ். வேண்டும் என்று நாகராஜிடம் கேட்டுப் பார்த்தேன். உன் வீட்டு டி.வி.க்குக் கம்பெனி கரண்ட் கொடுக்கணுமா என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

இந்தக் கூத்தில் லாபம் பார்த்தவள் ஒருத்திதான். அக்கவுண்ட்ஸில் இருந்த கலா. எங்களுக்கு அடுத்த தெரு, ஒரே டிரான்ஸ்பார்மர். அந்த எஸ்.எம்.எஸ்.ஸை எனக்கும் அனுப்புங்கண்ணா என்று கெஞ்சி வாங்கிக்கொண்டாள். சர்வர் மேல் அவ்வளவு அக்கறையா என்று எனக்குப் புல்லரித்துப்போனது. அப்புறம் பார்த்தால், வி.பி.என். வந்துவிட்டது என்று மெசேஜ் வந்ததும் வீட்டுக்குப் போன் போட்டு, பகலில் கண்ணயர்ந்து கிடக்கிற மாமியாரை எழுப்பி மோட்டார் போடச் சொல்கிறாள், கிரைண்டர் போடச் சொல்கிறாள். அவள் மாமியாருக்கு கரண்ட் என்ற வார்த்தையே மறந்துபோய்விட்டது. ஒருநாள் மீட்டிங் நடுவில் கதவைத் திறந்து கலா கேட்டாள்: "அண்ணா, வி.பி.என். எப்ப வரும்னு எங்க மாமியார் கேக்கச் சொன்னாங்க. மாவு பாதியில நிக்குதாம்."

காய்ச்சல்

ஆயுத பூஜை நாளன்று லீவு என்பதால் ஆபீஸில் முந்தின நாளே பூஜை. வாசலில் வாழைக்கன்று, கீபோர்டுக்கெல்லாம் குங்குமம், பொரி, கடலை. நான் வாய் நிறையப் பொரியோடு இருந்தபோது எஸ்.எம்.எஸ். வந்தது, வி.பி.என். அவுட் என்று. மர்பி டவுனில் கரண்ட் போயிருக்கும் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாகராஜும் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டார். கலா வீட்டுக்குப் போன் செய்தாள். கரண்ட் இருக்கிறது என்று மாமியார் சொல்ல, இவள் அதை என்னிடம் வந்து சொல்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஸ்டெல்லா வெளிநாட்டுக் கிளையண்டுக்கு வேலையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பாதியில் அறுந்தது. பூஜை சத்தத்தில் அவள் போனை ஒருத்தரும் எடுக்கவில்லை. கிளையண்டுக்கு ஏது ஆயுத பூஜை? நேரே நாகராஜுக்குக் காரமாக ஒரு மெயில் தட்டிவிட்டார்கள். நான் சர்வர் அறைக்கு ஓடினேன். சர்வர் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு, பேச்சு மூச்சில்லாமல் இருந்தது. ஆபீஸ் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற அட்மின் மஞ்சுநாத் பக்கத்தில் பயபக்தியோடு நின்றார். கத்தி, சுத்தியல், லாரி எல்லாவற்றுக்கும் இன்றைக்கு ஓய்வு, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று அவரே அணைத்திருக்கிறார். "வருஷம் பூரா ஓடுது சார், தொட்டா காய்ச்சல் மாதிரி சுடுது. பூஜை அன்னைக்காவது கொஞ்சம் படுத்துக்கட்டும்னு விட்டேன்."

விசாரணை

நாகராஜ் தீபாவளி வரைக்கும் காத்திருக்கவில்லை. மறுவாரமே, அதுவரை பதிவான சிவப்பும் பச்சையுமான படத்தை அச்செடுத்து மேஜை மேல் விரித்தார். அம்மை போட்ட மாதிரி உடம்பெல்லாம் சிவப்பு. இதை நம்பி ஆளை எப்படி வீட்டில் விடுவது, எல்லோரும் திங்கட்கிழமை ஆபீசுக்கு வரட்டும் என்றார். ஸ்டெல்லாவைக் காப்பாற்றப் போட்ட காவல்காரன், அவளையே காட்டிக்கொடுத்துக்கொண்டு நிற்கிறான். அதெல்லாம் என் வீட்டு கரண்ட் சார் என்றேன். பூஜை அன்றைக்கும் அப்படித்தானே நினைத்தோம் என்று சொல்லி, நம்ப மறுத்தார். கலாவைக் கூப்பிட்டேன். அவள் ஒவ்வொரு சிவப்பின் மேலும் விரல் வைத்து, இது மாவு பாதியில் நின்றது, இது மோட்டார் நின்று தொட்டி நிரம்பாதது, இது மாமியார் சீரியல் பார்க்க முடியாமல் அழுதது என்று சாட்சி சொன்னாள். அசந்துபோனேன்.

நாகராஜ் ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். உனக்கு எத்தனை தரம் அறுந்தது என்று கேட்டார். இல்லவே இல்லை என்று சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் உள்ளதைச் சொன்னாள்: முதலில் லைன் போனபோது ஒருதரம், பூஜை அன்றைக்கு ஒருதரம். சொல்லி முடிப்பதற்குள் பின்னால் ஒரு இருமல் எழுந்தது. அது நிற்கவே இல்லை. ஸ்டெல்லா மன்னிக்கச் சொல்லிவிட்டு எழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது. நாகராஜ் போனை வைக்காமல் அந்த இருமல் அடங்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அப்புறம் படத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "அந்தப் பெண்ணு வீட்லயே இருக்கட்டும்பா. அந்தப் பெட்டியையும் அவங்க வீட்டுலயே கொண்டுபோய் வை. உங்க ஏரியா மாவு விஷயம் எனக்கு பேடா, வேண்டவே வேண்டாம்."

விவேக் நகர்

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து டீ போட்டுக் கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் ஓரம் கட்டிலில் அவள் அப்பா, ஒட்டிப்போன நெஞ்சு, குறும்பு மட்டும் வற்றாத கண். இனிமேல் உங்க பொண்ணு உங்களை விட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை என்று பெருமையோடு சொன்னேன். அவர் அவள் உள்ளே போகும் வரைக்கும் பொறுத்திருந்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, காதோரம் சொன்னார்: "தம்பி, வாரத்துல ஒருநாளாவது அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டுக்கங்கப்பா. நாள் முழுக்க கண்ணை எடுக்க மாட்டேங்குறா, ஒரு பீடி பத்தவைக்க வழியில்ல."

இத்தனை வருஷத்தில் நான் போட்டதும் பார்த்ததுமான கண்காணிப்புகளில், ஒருதரம்கூடப் பொய் அலாரம் அடிக்காதது ஸ்டெல்லாவுடையது ஒன்றுதான்.