நசுங்காத எலுமிச்சம்பழம்

போர் விமானத்தின் இறக்கையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மீன் முள் மாதிரி வரிசையாகத் தகடுகள் இருக்கும். அவற்றை ரிப் என்பார்கள். ஹெப்பகோடிக்கு அந்தப் பக்கம் இருந்த எங்கள் துங்கா ஏரோ ஒர்க்ஸில் அந்த ரிப்புகளை மரச்சுத்தியால் தட்டி வளைத்தவர்களில் ஒரே ஒரு பெண் சங்கமித்ரா. நாங்கள் மித்ராக்கா என்போம். நான் சீனு, அங்கே ஸ்டோர் கீப்பராக இருந்தவன். அவளைப் பற்றிக் கண்டபடி கதை கட்டியிருக்கிறார்கள். மந்திரியைக் கன்னத்தில் அறைந்தாள் என்று சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என்னிடமே அளந்தான். அவள் யாரையும் அறையவில்லை. ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள்.

மித்ராக்கா கோலார் தங்கவயலில் பிறந்தவள். அவள் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்துவிட்ட குடும்பம், அதனால்தான் அந்தப் பெயர். கல்யாணமாகி லிங்கராஜபுரத்துக்கு வந்தாள். வீட்டுக்காரர் கோவிந்தன் எங்கள் கம்பெனியில் தகடு அடிக்கும் செக்‌ஷனில் இருந்தார். தொண்ணூற்றொன்றில் ஓசூர் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தார். கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். என்ன வேலை? கேன்டீனில் டம்ளர் கழுவும் வேலை. ஆர்டரை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் மேஜை மேலேயே திருப்பி வைத்தாள்.

"என் வீட்டுக்காரரு இங்க டம்ளரா கழுவினாரு? அவரு சுத்தியக் குடுங்க."

ஃபோர்மன் கிருஷ்ணப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வாரத்தில் ஓடிவிடுவாள் என்று நினைத்து, வீணான தகடுகளைக் கொடுத்துத் தட்டச் சொன்னார். அவள் ஓடவில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, கை வீங்க வீங்கத் தட்டினாள். தகட்டை மர அச்சின் மேல் வைத்து, ஓரத்தைச் சுருக்கம் விழாமல் மடிக்க வேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழியும், பயந்தால் மடியாது. மித்ராக்காவுக்கு இரண்டு குணமும் கிடையாது. வருஷம் திரும்புவதற்குள் கிருஷ்ணப்பாவே நல்ல தகடுகளைத் தூக்கி அவளிடம் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இனி இந்த விமான வியாபாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டெல்லியில் ஒரு அரசு வரும், இத்தனை விமானம் வேண்டும் என்று கையெழுத்துப் போடும். நாங்கள் தகடு வாங்கி, அச்சுச் செதுக்கி, ஆட்களைப் பழக்கி நிமிர்வதற்குள் அந்த அரசு கவிழும். அடுத்து வருகிறவர்கள் ஃபைலைத் திறந்து, முதலில் வந்தவன் கமிஷன் வாங்கினானா என்று தேடுவார்கள், எண்ணிக்கையைக் குறைப்பார்கள். பத்துப் பேருக்குச் சமைத்த பந்தியில் மூன்று பேர் உட்கார்ந்தால் அடுப்புச் செலவெல்லாம் அந்த மூன்று இலையில்தானே விழும்? அப்படித்தான் ஒவ்வொரு விமானத்தின் விலையும் ஏறியது. ஏறியதும், ஐயோ விலை அதிகம் என்று இன்னும் குறைத்தார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் பிரஸ் வந்து இறங்கியது. தகட்டை உள்ளே வைத்தால் ஒரே அமுக்கில் ரிப் ஆக்கித் தரும் வெளிநாட்டு மெஷின். எங்கள் செக்‌ஷனில் யாரும் அதைக் கேட்கவில்லை. மந்திரி ஒருவர் கேட்டார். ஏஜென்ட் யாரென்று பார்த்தால் அவருடைய மச்சான். மெஷின் ஒரு விலை, அதை ஓட்டுகிற கன்ட்ரோல் பெட்டி தனி விலை. மெஷின் வந்தது. பெட்டி வரவில்லை. அதற்கு இன்னொரு கான்ட்ராக்ட் போட்டால்தான் வருமாம். போடு, இல்லாவிட்டால் கிட என்று மச்சான் இழுக்க, பிரஸ் பாலிதீன் போர்த்திக்கொண்டு எங்கள் ஷெட்டின் நடுவில் யானை மாதிரி நின்றது. ஓடாத அந்த மெஷினின் விலையையும் நாங்கள் அடித்த ரிப்புகளின் தலையில்தான் ஏற்றினார்கள்.

தொண்ணூற்றெட்டில் ஜெனரல் மேனேஜர் இராஜமாணிக்கம் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். ரிப் விலை கட்டுப்படியாகவில்லை, டெல்லியில் கேள்வி கேட்கிறார்கள், இனி பிரஸ்ஸே எல்லாவற்றையும் செய்துவிடும், கையால் அடிக்கும் செக்‌ஷன் உபரி என்றார். உபரி! மனுஷனைச் சொல்கிற வார்த்தையா அது? ஆயுத பூஜையன்று மந்திரி வந்து பிரஸ்ஸை இயக்கி வைப்பார், மறுநாளே செக்‌ஷனை மூடுவோம், அதற்குள் எல்லோரும் விருப்ப ஓய்வு என்று வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுங்கள் என்று முடித்தார். மித்ராக்காவின் மகள் கிருத்திகா அப்போது பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தாள். அந்தச் சுத்தியை விட்டால் அம்மாவுக்கும் பெண்ணுக்கும் வேறு போக்கு இல்லை.

"பெட்டி இல்லாத மெஷின மந்திரி எப்பிடி சார் ஓட்டுவாரு?" என்று அவள் எழுந்து கேட்டாள்.

"அதெல்லாம் டெக்னிகல் மேட்டர்மா," என்றார் இராஜமாணிக்கம்.

டெக்னிகல் மேட்டர் என்னவென்று பூஜைக்கு முந்தின வாரம் எனக்குத் தெரிந்தது. எலக்ட்ரீஷியன் முகேஷ் ஸ்டோருக்கு வந்து கொஞ்சம் ஒயரும் ஒரு பச்சை பல்பும் கேட்டான். எதற்கென்றேன். பிரஸ்ஸின் பட்டனுக்கு என்றான். மந்திரி பட்டனை அழுத்துவார், பச்சை விளக்கு எரியும், பேண்டு வாசிப்பார்கள், கைதட்டுவோம், போட்டோ எடுப்பார்கள். மெஷின் அசைய வேண்டியதே இல்லை. ஆயுத பூஜையன்று மெஷினுக்கெல்லாம் ஓய்வு, அன்றைக்கு ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருப்ப மாட்டோம். ஏன் ஓட்டவில்லை என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், பாவிகள்!

டீ நேரத்தில் மித்ராக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சிவந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த பிரஸ்ஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவளை இராஜமாணிக்கம் கூப்பிட்டனுப்பினார். சரக்கு ரசீதில் கையெழுத்து வாங்க நானும் அங்கேதான் நின்றிருந்தேன். மந்திரி வரும்போது ஆரத்தித் தட்டோடு ஒரு பெண் நின்றால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஷெட்டில் இருக்கிற ஒரே பெண் நீதான் என்றார். செக்‌ஷன் மூடினாலும் அவளுக்கு மட்டும் ஆபீசில் இடம் போட்டுத் தருவாராம்.

"நான் பௌத்தம் சார். தட்டு புடிக்கலாமா?"

"போட்டோவுல அது தெரியாதும்மா."

"சரி சார், புடிக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்தி ஷெட்டுக்குப் போனதும் கூடவே அடித்தவர்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கிருஷ்ணப்பா மட்டும் வந்து கேட்டார். "ஏனம்மா, நீனுமா? சீட் கெடச்சா சாக்கா, அது போதுமா உனக்கு?" அவள் டப்பாவை மூடிக்கொண்டே, "பூஜை முடியட்டும், மேஸ்திரி," என்றாள். எனக்கும் கோபம்தான். அந்த வாரம் முழுக்க அவளோடு நான் பேசவில்லை.

ஆயுத பூஜையன்று எங்கள் கம்பெனி கல்யாண வீடு மாதிரி இருக்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். லேத்துக்கெல்லாம் செவ்வந்தி மாலை, வாசலில் வாழைக்கன்று, குங்குமம் தடவிய பூசணிக்காய், ஆளுக்கொரு பொரிகடலைப் பொட்டலம். பட்டுப் புடவையும் மல்லிகையுமாகப் பெண்கள், வீட்டுக்காரர் வேலை செய்கிற மெஷின் எது என்று கேட்டுக் கேட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்த வருஷம் அத்தனை பேரையும் பிரஸ்ஸைச் சுற்றி நிற்க வைத்தார்கள். கூட்டம் போட்டோவில் விழ வேண்டுமே.

மந்திரி வந்தார். விரலுக்கு விரல் ராசிக்கல் மோதிரம். பக்கத்தில் மச்சான், சஃபாரி சூட்டில். மித்ராக்கா நீலப் புடவை கட்டிக்கொண்டு தட்டோடு நின்றாள். ஆரத்தி சுற்றினாள், பொட்டு வைத்தாள், பத்திரிகைக்காரர்கள் படமெடுத்தார்கள். இராஜமாணிக்கம் பட்டனைக் காட்டினார். மந்திரி கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் மித்ராக்கா.

தட்டில் குங்குமத்துக்குப் பக்கத்தில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். எங்கே எடுத்துப் போகிறாள் என்று யோசிப்பதற்குள், பிரஸ்ஸின் அடியில், தகடு வைக்கிற இடத்தின் நட்டநடுவில் அதை வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னிக்கு மெஷின் ஓடக் கூடாதும்மா," என்று இராஜமாணிக்கம் பல்லைக் கடித்தார்.

"பழைய மெஷினுக்குத்தான் சார் ரெஸ்ட்டு. அதுங்க வருஷம் பூரா ஒழைச்சுது. இது வந்ததுலேர்ந்து தூங்கிக்கினே கீது, இதுக்கு இன்னாத்துக்கு ரெஸ்ட்டு?" அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, புது வண்டி வாங்கினா டயருக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்த மாட்டீங்க? ஏத்தாம எடுத்தா வெளங்குமா?"

"ஐயோ, ஏத்தாம எப்பிடி எடுக்கறது!" என்றது கூட்டம். பெண்கள் குரல்தான் உரக்கக் கேட்டது. அவள் பேசியதைக் கிருஷ்ணப்பா மந்திரிக்குக் கன்னடத்தில் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார், அந்த மனுஷன் மேல் அன்றைக்கு எனக்கு மரியாதை வந்தது. மந்திரி மோதிரக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஹௌது, ஹௌது, ஒள்ளேது," என்று சம்மதித்தார். ராசி பார்க்கிற மனுஷன், மாட்டேன் என்பாரா? பெட்டி இல்லை என்பதை மச்சான் அவரிடம்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மச்சானின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

மந்திரி பட்டனை அழுத்தினார். பச்சை பல்பு எரிந்தது. பேண்டு முழங்கியது. வழக்கப்படி நாலு பேர் கைதட்டினார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். எலுமிச்சம்பழம் அப்படியே உட்கார்ந்திருந்தது. மந்திரி மறுபடி அழுத்தினார். பல்பு எரிந்தது, பழம் இருந்தது. பேண்டுக்காரர்களுக்கு நிலைமை தெரியவில்லை, வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கூட்டத்தில் ஒரு அம்மா, "பழம் நசுங்கவே இல்லியே, அபசகுனமாச்சே," என்றாள். அவ்வளவுதான், சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி ஷெட் முழுக்கப் பரவியது.

"ஏன்ரி இது?" என்று மந்திரி இராஜமாணிக்கத்தின் மேல் பாய்ந்தார்.

பதிலை மித்ராக்கா சொன்னாள். தட்டை இறக்கவில்லை, குரலையும் இறக்கவில்லை. கிருஷ்ணப்பா கூடவே கன்னடத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். "பல்பு மட்டுந்தான் சார் ஓடும். உங்க மச்சான் வித்தது இதத்தான். இதோட வெலய எங்க ரிப்பு மேல ஏத்தினீங்க. ரிப்பு வெல ஏறிப்போச்சுன்னு ஆர்டர வெட்டினீங்க. ஆர்டர் இல்லன்னு இப்ப எங்கள வெட்டறீங்க. ஒரே ஒரு தடவ இத ஓட்டிக் காட்டுங்க. அந்தப் பழம் நசுங்கிச்சுன்னா நான் இப்பவே சுத்தியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்."

மந்திரி பொரிகடலைகூட வாங்காமல் காரில் ஏறினார். எங்கள் செக்‌ஷன் ஆட்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பேசாமல் இருந்ததற்காக நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். "போடா, போய்ப் பொரி எடுத்துக்கினு வா, பசிக்குது," என்றாள்.

மறுநாள் கன்னடப் பேப்பரில் முதல் பக்கத்தில் பழத்தின் படம் வந்தது. அதற்குப் பிறகு, பிரஸ் ஓடுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒரு அதிகாரிக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தக் கையெழுத்து இல்லாமல் செக்‌ஷனை மூட முடியவில்லை. பயந்துபோய் முன்பே வி.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்தவர்கள் போனதுதான், அவர்களை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மிச்சப்பேர் இருந்தோம். டெல்லி கேட்ட கொஞ்சநஞ்ச விமானத்துக்கும் ரிப்பு கையால்தான் போயிற்று.

அவளைச் சும்மா விடுவார்களா? சார்ஜ் ஷீட் வந்தது. இயங்கும் இயந்திரத்தின் அடியில் அந்நியப் பொருளை வைத்துச் சேதம் விளைவிக்க முயன்றாள் என்பது குற்றம். விசாரணைக்கு ஒரு வக்கீல் வந்தார். அவளுக்குத் துணையாக நான் உட்கார்ந்தேன்.

"இயங்கும் மெஷினுன்னு எழுதியிருக்கீங்க," என்றாள் அவள். "வாங்க சார், போய்ப் பாப்போம். இயங்கினா தப்பு என்னுது. இயங்கலன்னா இந்தப் பேப்பர எழுதினவருக்கு முதல்ல ஒரு சார்ஜ் ஷீட் குடுங்க."

வக்கீல் பேனாவை மூடினார், திறந்தார். கடைசியில், மன்னிப்புக் கேட்டு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் ஃபைலை மூடிவிடலாம் என்று இறங்கி வந்தார்.

"எழுதறேன் சார். பழம் நசுங்கின அன்னிக்கு நானே வந்து எழுதித் தர்றேன்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மித்ராக்கா பிரஸ்ஸின் அடியில் புதுசாக ஒரு பழம் வைப்பாள். பூஜையில் நம்பிக்கை இல்லாதவள், அதை மட்டும் ஒரு வருஷமும் தவறவிடவில்லை. இராஜமாணிக்கம் போய் வேறொருவர் வந்தார், அவரும் போனார். யார் மேனேஜராக இருந்தாலும் அன்றைக்கு அவர் எதிரில் போய் நின்று, இடுப்பில் செருகிய பேனாவை எடுத்து, "சார், இன்னிக்கு எழுதலாமா?" என்று கேட்பாள். அவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

அவள் ரிட்டயரான வருஷம் கிருத்திகாவும் வந்திருந்தாள், அதற்குள் அவளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவின் சுத்தியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கனமா என்றாள். விசாரணை ஃபைல் அப்போதும் மூடப்படவில்லை. மித்ராக்கா வழக்கம்போலப் பேனாவும் எலுமிச்சம்பழமுமாகத்தான் வந்தாள். அந்த வருஷமும் பழம் நசுங்கவில்லை.