இடையில் ஆள் வேண்டாம் என்றிருந்தேன்

எங்கள் வீட்டு உரிமையாளரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாங்கள் குடியிருந்த மாடி அவருக்குத் தேவைப்பட்டது. "அவசரமில்லீங்க தம்பி, நல்ல எடமாப் பாத்துட்டே போங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த நாள் முதல் வாடகை வீடுதான். ஒவ்வொரு முறை மாறும்போதும் பீரோவின் ஒரு கால் வளையும், மகளின் பள்ளி தூரமாகும், கேஸ் இணைப்புக்கு அலைய வேண்டியிருக்கும். இனி மாறினால் சொந்த வீட்டுக்குத்தான் என்று மனைவி சொல்லிவிட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். எப்படி வாங்குவது என்பதில்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

எங்களுக்கு அந்த மாடியைப் பிடித்துக் கொடுத்தவர் ஒரு பெண் புரோக்கர். திருமுருகன்பூண்டியைச் சேர்ந்தவர். ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். ஸ்கூட்டரில் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருப்பார். அவரையே கூப்பிடலாம் என்பது மனைவியின் கட்சி. புது வீட்டுக்குப் புரோக்கர் எதற்கு என்பது என் கட்சி. பழைய வீடென்றால் யார் இருந்தார்கள், என்ன வழக்கு என்று விசாரிக்க ஆள் வேண்டும். புது வீட்டைக் கட்டியவரே எதிரில் நிற்கிறார். சுவர் நேற்று பூசியது, பத்திரத்தை வங்கியின் வக்கீல் பார்த்துவிடுவார். நடுவில் ஒருவர் நின்று கதவைத் திறந்து காட்டுவதற்கு எதற்குக் கமிஷன்?

"நீங்க செய்றது என்ன வேலை?" என்றாள் மனைவி.

நான் வேலை பார்ப்பது ஒரு பையிங் ஆபீஸில். வெளிநாட்டுக் கம்பெனிகள் இங்கே பனியன் ஆர்டர் கொடுக்கும். தைத்து முடித்த பெட்டிகளைத் திறந்து, தையல், அளவு, சாயம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர்களுக்காகப் பார்ப்பது நான். துணி தைக்கிற இடத்தை ஒருநாளும் கண்ணால் பார்க்காதவர்கள் என் கையெழுத்தை நம்பி சரக்கை எடுப்பார்கள்.

"அது வேற, இது வேற" என்றேன்.

"எப்படி வேற?"

 அவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள், நான் இதே ஊரில் இருக்கிறேன், என் கண்ணாலேயே பார்க்கலாமே என்று ஏதோ சொன்னேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போய்த் திரும்பும்போது அந்தப் பலகையைப் பார்த்தேன். 'புதிய வீடுகள், நேரடி விற்பனை, புரோக்கர் வேண்டாம்.' எனக்காகவே எழுதி வைத்த மாதிரி இருந்தது. தோட்டங்களுக்கு நடுவில் ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்றன. கட்டியவர் முன்பு பனியன் கம்பெனி நடத்தியவராம். வெள்ளை வேட்டியோடு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. ஊடு பாக்கறீங்களா? நம்முளுது நேரா யாவாரமுங்க. நடுவுல ஆளு வந்தா வெலைதானுங்க ஏறும்."

"நானும் அதைத்தாங்க சொல்லிட்டிருக்கேன்" என்றேன்.

கிழக்குப் பார்த்த ஒரு வீட்டைக் காட்டினார். நான் பெட்டியைப் பிரிக்கிற மாதிரிதான் பார்த்தேன். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினேன். தரை டைல்ஸைத் தட்டி எங்கே உள்ளே காலியாகக் கேட்கிறது என்று பார்த்தேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து நின்றேன். சின்னச் சின்னக் குறைகள் இருந்தன. சொன்னதை எல்லாம் அவர் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் போனபோது எல்லாம் சரிசெய்யப்பட்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவியையும் மகளையும் கூட்டிப் போய்க் காட்டினேன். மகள் உடனே தனக்கு எந்த அறை என்று முடிவு செய்துவிட்டாள். மனைவி சமையலறை ஜன்னலருகே வெகுநேரம் நின்றாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

முன்பணம் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் கொடுக்கவிடாமல் ஏதோ ஒன்று என்னைப் பிடித்து இழுத்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. வேலை முடிந்ததும் வண்டி தானாக நெருப்பெரிச்சல் பக்கம் திரும்பும். வீட்டைச் சுற்றி வருவேன், எதிர்ச் சுவரைப் பார்ப்பேன், திரும்பிவிடுவேன். ஆபீஸில் ஒரு சட்டையின் அளவை எடுத்துவிட்டு எழுத மறந்து மறுபடியும் எடுப்பேன். டீ குடிக்கப் போனால் குடிக்காமலே எழுந்து வருவேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொல்லாமல் அந்தப் புரோக்கரை அங்கே வரச் சொல்லிவிட்டாள். நாங்கள் போய் இறங்கியபோது அவர் ஸ்கூட்டரை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க, வீட்டைப் பாருங்க" என்றேன், வேண்டா வெறுப்பாக.

"ஊட்டை நீங்க பாத்திருப்பீங்களே தம்பி. நான் இந்தத் தடத்தைப் பாக்கறேன்" என்றார்.

தடம் என்று அவர் சொன்னது, மெயின் ரோட்டிலிருந்து வீடுகளுக்கு வரும் மண்பாதையை. அந்தப் பாதையில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நடந்தார். பிறகு பக்கத்துத் தோட்டத்துக்குள் போனார். அங்கே ஒரு பெண் எருமைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் உறவினர்கள் போல நின்று பேசினார்கள். நாங்கள் வெயிலில் காத்திருந்தோம். அவர் திரும்பி வந்து மனைவியிடம்தான் முதலில் சொன்னார்.

"கண்ணு, பத்திரத்துல இருக்கறது பழைய வண்டித்தடம். மாட்டு வண்டி போற அகலந்தான். இப்பக் காரு போற மாதிரி அகலப்படுத்தியிருக்கற எடம் இந்தத் தோட்டத்துக்காரங்களுது. அண்ணந்தம்பி ரெண்டு பேருங்க. அண்ணன் வாயில செரின்னுட்டாரு. தம்பி இன்னும் ஒண்ணுஞ் சொல்லலையாமா. நாளைக்கு அவரு வேலி போட்டா உங்க ஊட்டுக்கு ஆம்புலன்ஸ் வராது."

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் சுட்டது. வீட்டுக்குள் இருந்த ஒவ்வொரு ஆணியையும் பார்த்தவன் வீட்டுக்கு வருகிற வழியைப் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் கணத்தில் வெட்கத்தைவிடச் சந்தேகம்தான் பெரிதாக வந்தது. ஏனென்றால் அவர் அடுத்த வார்த்தையிலேயே, "ஊத்துக்குளி ரோட்டுல ஒரு புது ஊடு இருக்குதுங்க தம்பி, பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

வரும் வழியெல்லாம் பொருமினேன். "இதைக் கெடுத்துட்டு அதை விக்கப் பாக்குறாங்க. புரியலையா உனக்கு?"

"அந்த அம்மா சொன்னது பொய்யின்னா போய்க் கேளுங்க. அதான் வாயிருக்கே" என்றாள் மனைவி.

மறுநாளே கட்டியவரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் பேசிக்கலாமுங்க தம்பி. அண்ணந்தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். இத்தன நாளா லாரி வந்துட்டுப் போய்ட்டுத்தானே இருக்குது? யாராச்சும் தடுத்தாங்களா?"

"தம்பிக்காரர்கிட்ட எழுதி வாங்கிட்டீங்களா?"

"வாங்கிக்கலாமுங்க. உங்களுக்கு இஷ்டமில்லீன்னா சொல்லிருங்க. வேற பார்ட்டி ரெடியா இருக்குது."

அவர் குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை என்பதை வெளியே வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

அந்த வாரம் முழுக்க இரண்டு பேரில் யாரை நம்புவது என்று தெரியாமல் அல்லாடினேன். விற்பவர் தன் வீட்டை விற்கப் பார்க்கிறார். புரோக்கர் தன்னிடமுள்ள வீட்டை விற்கப் பார்க்கிறார். எனக்காக மட்டும் பேசுகிற ஒருவர் இந்த ஊரில் யார்? ஊத்துக்குளி ரோட்டு வீட்டையும் போய்ப் பார்த்தோம். மோசமில்லை. ஆனால் மகள் வண்டியிலிருந்து இறங்கவே இல்லை. "எனக்கு அந்த வீடுதான்" என்றாள்.

கடைசியில் நானே புரோக்கருக்கு போன் செய்தேன். "அந்தத் தம்பிக்காரரைப் பார்த்துப் பேசி எழுதி வாங்கித் தர முடியுமா?"

"முடியுமுங்க. ஆனா சும்மா வரமாட்டேன். ஊடு முடிஞ்சா எனக்குக் கமிஷன் வேணும்."

"சரிங்க" என்றேன்.

அவர் எப்படிப் பேசினார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. முதலில் அந்த எருமை வைத்திருந்த பெண்ணிடம் பேசியிருக்கிறார். அவள்தான் தம்பியின் மனைவி. பிறகு கட்டியவரைத் தோட்டத்துக்கே வரவழைத்திருக்கிறார். தோட்டத்துக்குப் போகும் தண்ணீர்க் குழாய் பாதைக்கு அடியில் உடையாமல் இருக்க, கட்டியவர் தன் செலவில் சிமெண்ட் குழாய் பதித்துத் தர வேண்டும் என்பது தம்பியின் கோரிக்கை. பதித்துக் கொடுத்தார். பத்திர அலுவலகத்துக்கு அண்ணனும் தம்பியும் வந்து அந்த அகலத்தைப் பொதுத்தடமாக எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வெவ்வேறு வண்டியில் போனார்கள். அதன் பிறகு எங்கள் கிரயம் முடிந்தது.

கிரயத்தன்று அலுவலக வாசலில் கட்டியவர் புரோக்கரிடம் ஒரு கவர் கொடுப்பதைப் பார்த்தேன். எனக்குச் சுருக்கென்றது.

"அவர்கிட்டயும் வாங்குறீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் கவரைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "ஆமாங்க. அவுருக்கும் வேலை பாத்திருக்கறேனில்லீங்க? உங்களுக்கு ஊடு, அவுருக்குத் தடம்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே தம்பி."

கோபமாக வந்தது.  மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "பேசுனபடி குடுத்துருங்க, நல்ல நாளும் அதுவுமா" என்றாள். கொடுத்தேன்.

பால் காய்ச்சிக் குடிவந்த சில மாதம் கழித்து, பாதையோரம் அந்தத் தம்பிக்காரர் மடை திருப்பிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில், கையெழுத்துக்கு ஏன் அவ்வளவு இழுத்தீர்கள் என்று கேட்டேன்.

மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "நான் எங்கீங்க இழுத்தேன்? என்ற எடத்துல ரோடு போட்டாங்க, என்னைய ஒரு வார்த்தை கேக்கலை. நேரா வந்து கேட்டிருந்தா அன்னிக்கே போட்டிருப்பனுங்க. நீங்க வந்து கேட்டிருந்தாக்கூடப் போட்டிருப்பேன்."

வீட்டுக்குள் வந்து மனைவியிடம் சொன்னேன். அப்படியானால் அந்தக் கமிஷன் தண்டம்தானே என்றேன். "அவரு கேக்கணும்னு எதிர்பாக்குறாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றாள். தெரிந்திருக்காதுதான். ஆனால் கேட்டதும் போட்டிருப்பேன் என்பதை இன்று சொல்வது எவருக்கும் எளிது என்றும் பட்டது. சாயந்திரம் ஸ்கூட்டரில் எதிரே வந்த புரோக்கரை நிறுத்தி இதையே சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்களுக்குப் போட்டிருப்பாரு. கட்டுனவருக்குப் போட்டிருப்பாரா? அண்ணன் போட்ட எடத்துல நான் போடமாட்டேன்னு உக்காந்திருந்த மனுசனுங்க அவரு" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். இதில் யார் சொல்வது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன வாரம் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர், திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு புது வீடு பார்த்திருப்பதாகச் சொல்லி, புரோக்கர் வைக்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். வீடு வாங்கியவன் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் யார் யாரிடம் கமிஷன் வாங்குவீர்கள் என்று அவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள் என்றேன். அக்கம்பக்கத்தில் நீங்களும் ஒருமுறை நடந்து பேசிப் பாருங்கள் என்றும் சொன்னேன். அவர் நம்பர் கேட்டார். அந்த அம்மாவின் நம்பரைத்தான் கொடுத்தேன். கொடுத்தது சரிதானா என்று அன்று வீடு போய்ச் சேரும்வரை யோசித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.