திருவளர் இருக்க வேண்டிய இடம்

"காலுல வெந்நிய ஊத்திக்கினு நிக்கிறா" என்பதுதான் என்னைப் பற்றி என் மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லும் வாக்கியம். எனக்கு அதில் கோபம் வந்ததில்லை. உள்ளதைச் சொன்னால் எப்படிக் கோபப்படுவது? குழம்பு கொதிக்கும் நேரத்தில் துணி மடித்து வைப்பேன். பஸ்ஸுக்காக நிற்கப் பொறுக்காமல் அடுத்த நிறுத்தத்துக்கு நடப்பேன். நடுவழியில் அந்த பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும்.

இப்படிப்பட்ட என்னை ஆறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார வைத்தது கடலூரில் இருந்த ஒரு கெமிக்கல் கம்பெனி. சிதம்பரத்தில் வீடு, முதுநகர் போகும் பஸ்ஸில் ஏறி, ஊருக்கு முன்னாலேயே மூக்கு எரிய ஆரம்பிக்கும் இடத்தில் இறங்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் வரும் சாம்பிள்களைப் பதினொரு மணிக்குள் முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வேலை செய்வதுபோல உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஒருநாள் பாட்டில் அலமாரியை எல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்தேன். பக்கத்து மேஜைக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நீ இவ்ளோ சீக்கிரம் முடிச்சா நாளைக்கு எங்களயும் முடிக்கச் சொல்லுவாங்க. எங்க பொழப்புல மண்ண போடாத."

அங்கே எந்தத் தாளாக இருந்தாலும் மூன்று கையெழுத்து வேண்டும். செய்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று, ஒப்புதல் தந்தவர் ஒன்று. ஏதாவது தப்பு நடந்துவிட்டால் என்ன நடந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். யார் கையெழுத்து என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு அறவே பிடிக்காது.

2007 சித்திரையில் வேலையை விட்டேன். அதற்கு முந்தைய வருஷமே சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டரில் தமிழ் டைப்பிங்கும் பக்கம் வடிவமைப்பதும் கற்றுக்கொண்டிருந்தேன். சிதம்பரம் தெற்கு வீதியை ஒட்டிய சந்தில் ஓர் அறை பிடித்து, கல்யாணப் பத்திரிகைக் கடை போட்டேன். வெற்று அட்டைகளைத் திருப்பாதிரிப்புலியூர் மொத்தக் கடையில் வாங்கி வருவது, வாசகத்தை நான் கோத்துக் கொடுப்பது, அங்கேயே ஒரு பிரஸ்ஸில் அச்சடித்து வாங்குவது என்று ஏற்பாடு. என் வீட்டுக்காரர் பள்ளியில் கணக்கு வாத்தியார். "கடைக்கு வர்றவங்கள உக்கார வெப்பியா, இல்ல ஓட வெப்பியா?" என்று கேட்டார். கேலிதான், ஆனால் அவருக்கு இதில் துளியும் இஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும். கம்பெனியில் என் பிரிவு அதிகாரி நல்ல மனுஷர். "நெரந்தர ஆள் எடுக்க நாளாவும். மனசு மாறினா ஒரு போன் பண்ணும்மா" என்று சொல்லி அனுப்பினார்.

கடையில் நான் கண்டுபிடித்த முதல் விஷயம், எல்லாப் பத்திரிகையும் முக்கால்வாசி ஒரே பத்திரிகைதான் என்பது. நிகழும் மங்களகரமான என்று தொடங்கும், சுற்றமும் நட்பும் சூழ என்று முடியும். ஊரும் பேரும் நாளும் மண்டபமும்தான் மாறுகின்றன. பிறகு எதற்கு ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து டைப் அடிக்க வேண்டும்? வந்த பத்திரிகைகளில் நன்றாக அமைந்த நான்கைந்தை எடுத்து மாதிரியாகக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டேன். மாற வேண்டியதை மட்டும் மாற்றினால் போதும். மற்ற கடைகளில் புரூஃப் காட்ட மூன்று நாள் ஆகும். நான் வாசலில் போர்டு மாட்டினேன்: காலையில் கொடுத்தால் மதியம் புரூஃப். அந்த போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். வாழ்க்கையில் முதல் முறையாக என் வேகத்துக்கு ஏற்ற வேலை கிடைத்ததாக நினைத்தேன்.

ஆடி பிறந்ததும் கடை காலியாகிவிட்டது. ஆடியில் யார் பத்திரிகை அடிப்பார்கள்? மறுபடியும் நாற்காலியில் சும்மா உட்கார்ந்தேன். கம்பெனியிலாவது சும்மா உட்கார்ந்ததற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சந்துக்கும் கடைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். ஆடிக் கடைசியில் பிரிவு அதிகாரி போன் செய்தார். என் இடத்துக்கு ஆள் போடப்போகிறார்களாம். "செப்டம்பர் ஒண்ணாந்தேதி சாயந்திரத்துக்குள்ள சொல்லிடும்மா. அப்பறம் என் கையில இல்ல." வீட்டுக்காரர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "போயிடேன்."

ஆவணி வந்ததும் கூட்டம் வந்தது. ஒரே நாளில் நான்கு புரூஃப் கொடுத்தேன். போக மாட்டேன் என்று மனசுக்குள் முடிவுகட்டிவிட்டேன். அதிகாரிக்குப் போன் செய்து சொல்ல மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

ஆகஸ்டு கடைசி நாள், மத்தியானம், புவனகிரியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பத்து நாளுக்கு முன்னால் மூத்த மகள் கல்யாணத்துக்கு என்னிடம் பத்திரிகை அடித்து வாங்கிப் போனவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு பத்திரிகையை இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா, இதுல ஒரு வார்த்த தப்பா இருக்குதாம்."

"எந்த வார்த்தைங்க?"

"மச்சான்தான் பாத்துட்டு சொன்னாரு. மூத்த பொண்ணுக்கு நெறைன்னு போடக்கூடாதாமே. ஊட்ல இன்னும் ரெண்டு பொண்ணு நிக்கிது."

பெண்ணின் பெயருக்கு முன்னால் திருநிறைச்செல்வி என்று இருந்தது. திருவளர்ச்செல்வி என்று சில பத்திரிகைகளில் வரும், திருநிறைச்செல்வி என்று சில பத்திரிகைகளில் வரும். இரண்டும் சும்மா அலங்காரம் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் விளக்கிய பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டில் இன்னும் கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளைகள் இருந்தால் வளர். இதுதான் கடைசி, இதோடு நிறைந்தது என்றால் நிறை. நான் மாதிரியாக எடுத்து வைத்திருந்தது ஏதோ ஒரு வீட்டுக் கடைக்குட்டியின் பத்திரிகை. இரண்டு தங்கைகள் இருக்கும் வீட்டுக்கு, இனி இங்கே கல்யாணமே இல்லை என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு முதலில் வந்தது கோபம். ஃபைலை இழுத்து, அவர் கையெழுத்துப் போட்ட புரூஃபை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "இதப் பாருங்க. உங்க கையெழுத்து. படிச்சிப் பாத்துட்டுத்தான போட்டீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். "ஆமாம்மா, என்துதான்" என்றார். தாளை என் பக்கம் நகர்த்தி, "அது ஒண்ணுதாம்மா எழுதத் தெரியும்" என்றார்.

அவர் குரலில் வருத்தமோ குத்தலோ இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். புரூஃபுக்குப் பின்னால் அவர் மச்சான் எழுதிக்கொடுத்த தாளை நானே பின் அடித்து வைத்திருந்தேன். அதில் குண்டு குண்டாகத் திருவளர்ச்செல்வி என்று இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. பேரையும் நாளையும் மண்டபத்தையும் மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். எந்தக் கேள்வியைச் சகிக்காமல் கம்பெனியை விட்டு வந்தேனோ, அதே கேள்வியைப் படிக்கத் தெரியாத ஒரு மனுஷனிடம் கேட்டுவிட்டேன்.

"எல்லாத்தயும் என் செலவுலயே மாத்தி அடிச்சிக் குடுத்துடறேங்க" என்றேன்.

"ஊட்ல இருக்கறத மாத்திக்கலாம். உள்ளூர்ல நாப்பத்தோரு ஊட்டுக்கு வெத்தல பாக்கோட குடுத்தாச்சே. குடுத்த பத்திரிகைய திருப்பி வாங்குனா கல்யாணம் நின்னுபோச்சுன்னு பேசிடுவாங்கம்மா. அதுக்குத் தப்பாவே இருந்துட்டுப் போவட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டு மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி இல்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை, ஒரு வார்த்தையால் யாருக்குக் கல்யாணம் நிற்கப்போகிறது என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். வாதம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு இரண்டாவது பெண்ணுக்கு ஒரு வரன் தட்டிப்போனால் அவள் அம்மா எதை நினைப்பாள்? என் பத்திரிகையைத்தான் நினைப்பாள். கம்பெனியில் என் தப்பு ஒரு சாம்பிளோடு போகும். இங்கே அது இரண்டு பெண்கள் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். பதறாமல் இருக்க எனக்குத் தெரியாது. அப்படியானால் எனக்குக் கடை ஆகாது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "மாமா, நாளைக்குப் போன் பண்ணி வேலைக்கு வரேன்னு சொல்லிடப்போறேன்." அப்பவே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. "சரி" என்றார். அந்த ஒரு சரி எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள், செப்டம்பர் ஒன்றாம் தேதி, விடிந்ததும் கடையைத் திறந்தேன். போன் பண்ணுவதற்கு முன்னால் இந்த ஒன்றைச் செய்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. பத்திரிகையைத் திருப்பி வாங்கத்தானே கூடாது, அது இருக்கும் இடத்திலேயே திருத்தினால்? அதே எழுத்து, அதே மெரூன் நிறம், அதே அளவில் திருவளர்ச்செல்வி என்று ஒட்டுத்தாளில் எடுத்து, ஸ்கேல் வைத்து பிளேடால் நறுக்கினேன். நாற்பத்தொரு வீடு, வீட்டுக்கு இரண்டு நிமிஷம், நடக்க ஒரு நிமிஷம். பத்தரைக்குள் முடித்து, பதினொன்றுக்குக் கடைக்குத் திரும்பி, போன் பண்ணிவிடலாம். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி பஸ் போகும்போது கையில் இருந்த சீட்டுகளை மறுபடியும் எண்ணினேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அந்த விவசாயி திகைத்துப்போனார். விஷயத்தைச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்தெந்த வீடு என்று அவருக்குத்தானே தெரியும்.

இரண்டு நிமிஷத்தில் வெளியே விடுகிற வீடு புவனகிரியில் இல்லை என்பது முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்வார்கள். மோர் வரும். நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரிப்பார்கள். பிறகுதான் பத்திரிகையைத் தேடுவார்கள். ஒரு வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. இன்னொரு வீட்டில் தயிர்ச் சட்டிக்கு மூடியாகியிருந்தது; அந்தம்மா முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அவருடைய அக்கா வீட்டில் எனக்கு நேராகவே திட்டு விழுந்தது. "தப்பா அடிச்சிட்டு நீயே வந்து ஒட்டுறியே, வெக்கமா இல்ல?"

"இருக்குதுங்க" என்றேன். அந்தம்மா உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்து கொடுத்தாள்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் ஒரு அம்மா நான் ஒட்டுவதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய், தன் மூத்த மகன் கல்யாணப் பத்திரிகையை எடுத்து வந்து நீட்டினாள். அதிலும் நிறைதான். "அதான் சின்னவன் இன்னும் நிக்கிறானா! எங்களுக்கு எவனும் வந்து ஒட்டலயே" என்றாள். என் பையில் மிச்சச் சீட்டுகள் இருந்தன, எல்லாம் செல்விதான். செல்வனுக்குச் சீட்டு இல்லை. பேனாவால் திருத்திக் கொடுத்தேன். அவள் சிரித்தாள். அந்த விவசாயியும் சிரித்தார், அன்றைக்கு முதல் முறையாக.

மதியம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. அதற்குப் பிறகு ஒரு வீட்டில், நான் கேட்பதற்கு முன்னாலேயே அந்த விவசாயி பத்திரிகையைப் பிரித்து, அந்த வார்த்தை மேல் விரலை வைத்து என்னிடம் நீட்டினார். சரியான இடம். எப்படிங்க என்று கேட்டேன். "காலைலேர்ந்து பாக்கறேனேம்மா" என்றார். அந்த வீட்டிலிருந்து அவரே காட்டுவார், நான் ஒட்டுவேன். எத்தனை வீடு முடிந்தது என்று எண்ணுவதை எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியாது.

வெயில் தாழும்போது நாற்பது முடிந்தது. ஒன்று மட்டும் இல்லை. ஒரு வீட்டுக்காரர் தன் பத்திரிகையை விருத்தாசலத்தில் இருக்கும் மகளிடம் காட்டுவதற்குக் கொண்டுபோய் விட்டாராம். "அது ஒண்ணு போவட்டும்மா" என்றார் பெண்ணின் அப்பா. "அதெப்படிங்க? வெலாசம் குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் விருத்தாசலம் போக வேண்டும், மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். வாசல் போர்டைக் கழற்றிவிட வேண்டும். இனிமேல் புரூஃபைக் கல்யாண வீட்டுக்காரர்களை உட்கார வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவது. எத்தனை நேரம் ஆனாலும் ஆகட்டும். வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு ஆயிற்று, யாருக்கு ஆகவில்லை என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "போன் பண்ணிட்டியா?"

"யாருக்கு?" என்றேன்.