இடங்கைச் சேறு

வாத்தியாரே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். மாடன், யட்சி, கண்ணேறு, செய்வினை எதையும் நம்பியதில்லை. எங்கள் தேங்காய் வள்ளத்தில் ஏறித் திருவனந்தபுரம் போகும், அதில் பாதி பழவங்காடிப் பிள்ளையார் முன்னால் சிதறுகாயாக உடையும், ஆனால் நான் எதற்கும் ஒரு காய் உடைத்தது கிடையாது. நாங்கள் ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள், அந்தச் சபைக்குப் போவதுகூடப் பெண்டாட்டியின் வாய்க்குப் பயந்துதான். நீங்கள் நாலு எழுத்துப் படித்தவர், இதைக் கேட்டு உதட்டைச் சுழிப்பீர்கள், சுழித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

எங்கள் ஊர் பூவாறுக்குத் தெற்கே, வாய்க்கால் கரையில். மகாராஜா காலத்தில் வாய்க்கால் வெட்டியபோது தோண்டிப் போட்ட மண்தான் அந்தக் கரை, அதில் எங்கள் பாட்டன் தென்னை வைத்தான், வீடு வைத்தான், நாங்கள் பிறந்தோம். அந்தக் கரைக்குப் பத்திரம் கிடையாது. வருஷம் ஒரு தடவை, மாசியில் தண்ணீர் வற்றும்போது, வாய்க்காலில் முங்கி அடிச்சேற்றை ஓலைக் கடவத்தில் வாரிக்கொண்டு வந்து தென்னையின் மூட்டில், அதாவது அடிமரத்தைச் சுற்றி, பூச வேண்டும். மரத்துக்கு அதுதான் உரம். அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் கரை யாருடையது என்பதற்கும் அதுதான் சாட்சி. சேறு வாரினவனுக்குத்தான் கரை, இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தாலுக்கா கச்சேரியில் இருந்து நிலக்கணக்கு எழுதுகிற பார்வத்தியக்காரர் வந்தால் அவரும் முதலில் மரத்தின் மூட்டைத்தான் குனிந்து பார்ப்பார்.

அப்பன் செத்த பிறகு அண்ணன் தாசையனுக்குப் பதினோரு மரம், எனக்கு ஒன்பது மரம். அவன்தான் மூத்தவன், அவனுக்கு இரண்டு கூடுதல், அது என் வயிற்றில் எரிந்துகொண்டேதான் இருந்தது, இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. அண்ணன் இடங்கையன். சோறு தின்பதற்கு மட்டும் அம்மா அடித்து அடித்து வலக்கைக்கு மாற்றினாள், மற்ற எல்லாம் இடக்கைதான். சிறுவயதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மரத்துக்குச் சேறு பூசுவோம். வாய்க்கால் பார்த்த பக்கத்தில் ஒன்றாகத் தொடங்குவோம், நான் வலப்பக்கமாகச் சுற்றிப் போவேன், அவன் இடப்பக்கமாகச் சுற்றி வருவான், மரத்துக்குப் பின்னால் இரண்டு தலையும் டொம்மென்று முட்டும். அதோடு சண்டை, அம்மாவின் விளக்குமாறு, இரண்டு பேரும் வாய்க்காலில் ஒரே பாய்ச்சல்.

சேறு பூசிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கைச் சேறும் முந்தின கைச் சேற்றின்மேல் கொஞ்சம் ஏறி உட்காரும், கூரைக்கு ஓலை வேய்கிற மாதிரி. பழகினவன் பார்த்தால், பூசினவன் எந்தப் பக்கமாகச் சுற்றினான் என்று சொல்லிவிடுவான். எங்கள் பக்கத்தில் அண்ணன் ஒருவனுடைய பூச்சு மட்டும்தான் எதிர்ப்பக்கம் ஓடும்.

அண்ணன் காய்ச்சலில் போனான். பிள்ளை கிடையாது. அவன் பெண்டாட்டி, என் மயினி அன்னபாக்கியம், தனியாக நின்றாள். பெண்கள் வாய்க்காலில் முங்கிச் சேறு வாருவதில்லை, முதல் வருஷம் அவள் யாரையோ கெஞ்சிப் பூசவைத்தாள், இரண்டாம் வருஷம் ஆள் கிடைக்கவில்லை. மூன்று நாலு தடவை என் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, ஒரு நாளு எனக்க மரத்துக்கும் கொஞ்சம் சேறு வாரித் தாருங்களேன். வெறும் மூடா நிக்குது, பாக்க மனசு பொறுக்கல."

"பாக்கலாம் மயினி, கையில வேலை கெடக்கு" என்று சொல்லி அனுப்பினேன். வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்போதே மனசுக்குள் கணக்குப் போட்டாகிவிட்டது. கச்சேரிக் கணக்கில் அண்ணன் பேரில் இருந்த கரையை யார் பேருக்கு மாற்றுவது என்று விசாரிக்கத் திங்கட்கிழமை பார்வத்தியக்காரர் வருகிறார் என்று செய்தி வந்திருந்தது. பதினோரு மூட்டிலும் என் சேறு இருந்தால் கரை எனக்கு. மயினி நெய்யாற்றின்கரையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகட்டும், அடுப்படியில் ஒரு மூலை கொடுக்காமலா போய்விடுவார்கள்? நம் அப்பன் மண் அடுத்த குடும்பத்துக்குப் போகலாமா? இப்படியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டேன். ஆசை வந்துவிட்டால் நியாயத்துக்கா பஞ்சம்?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர் முழுக்கச் சபைக்குப் போன நேரம். வயிற்றுவலி என்று படுத்திருந்தவன் மணி அடித்ததும் எழுந்தேன். நல்ல வெயில், வாய்க்காலில் ஒரு வள்ளம்கூட இல்லை, தூரத்தில் சபையில் பாடுவது மட்டும் கேட்கிறது. முங்குவதும் வாருவதும் ஓடுவதும் பூசுவதுமாக நாலு ஆள் வேலையை ஒருவனாகச் செய்தேன். ஒவ்வொரு மூட்டிலும் தொடங்குகிற இடத்தில் என் அடையாளத்துக்கு ஒரு சிப்பியை அழுத்தி வைத்தேன், நாளைக்குப் பேச்சு வந்தால் காட்டலாமே என்று.

ஏழாவது மரத்தில்தான் அது. குனிந்து பூசிக்கொண்டே வலப்பக்கமாகச் சுற்றி மரத்துக்குப் பின்னால் போகிறேன், தலையில் டொம்மென்று ஒரு முட்டு. மரத்தில் இடித்துக்கொண்டேன் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், ஆனால் மரம் எனக்கு இடப்பக்கம் நிற்கிறது, முட்டு வந்தது எதிரே இருந்து. நம்பினால் நம்புங்கள், தேங்காய் எண்ணெய் தடவிய தலைமுடி நெற்றியில் உரசியது. நிமிர்ந்தால் வெயிலும் கரையும்தான். வாய்க்கு வந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் திட்டிவிட்டு, மிச்ச நாலு மரத்தையும் பூசி முடித்து, கைகால் கழுவி, வந்து படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மயினி வந்தாள். ஒரு கிண்ணத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கு, மேலே மீன் குழம்பு. அவள் கண் கலங்கியிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லாம முடிச்சிட்டியளே தம்பி. நீங்க நல்லாயிருக்கணும். அவியளுக்க கை மாதிரியேல்ல பூசியிருக்கிய."

அண்ணன் தம்பி கைதானே, பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளை விரட்டுவதற்காகப் பூசின சேற்றை, அவளுக்காகப் பூசினேன் என்று நினைத்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்திருக்கிறாள். அந்த மரச்சீனியை நான் தின்றேன் வாத்தியாரே. வழித்துத் தின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பார்வத்தியக்காரர் குடையும் காகிதக் கட்டுமாக வள்ளத்தில் வந்து இறங்கினார். ஊர் கூடிவிட்டது. நான் முந்திக்கொண்டு, "எசமானே, அண்ணன் போனதுக்குப் பொறவு இந்தக் கரையைப் பாக்கியது நான்தான், பதினோரு மூட்டிலயும் எனக்க சேறு கெடக்கு, பாத்துக்கிடுங்க" என்றேன். மயினி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். நேற்றுக் கிண்ணத்தை நீட்டின கை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டது.

பார்வத்தியக்காரர் குனிந்து பார்த்தார். அவரை அழைத்து வந்த வள்ளக்காரன் பொன்னையனும் கூடவே குனிந்தான். அவன் சட்டென்று நிமிர்ந்து, "எசமானே, இது இடங்கையன் பூசின சேறாக்கும்" என்றான்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் நானும் குனிந்து பார்த்தேன். அத்தனை கைச் சேறும் எதிர்ப்பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு மரம் இல்லை, பதினோரு மரமும். ஓடி ஓடிப் பார்த்தேன். மாசி வெயிலில் சேறு காய்ந்து உப்புப் பூத்து ஓடு மாதிரி ஆகிவிட்டது, ஒரு கீறல் கிடையாது, ராத்திரியில் யாரும் வந்து மாற்றிப் பூசியிருந்தால் ஈரமாவது இருக்க வேண்டாமா? நான் அழுத்தின சிப்பி வைத்தது வைத்தபடி இருந்தது.

"எசமானே, இந்தச் சிப்பி நான் வச்ச அடையாளம்!"

"எந்தா ஞானமுத்தே, வாய்க்கால் சேற்றில் சிப்பி இல்லாமல் சந்தனமோ கிடைக்கும்?" என்றார் பார்வத்தியக்காரர். கூட்டம் சிரித்தது. "நீ தன்னே செய்தது என்றால் ஒரு கை இப்போள் பூசு, பார்க்கட்டே."

பொன்னையன் ஒரு கடவம் சேறு வாரி வந்து வைத்தான். எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை, இடக்கையாலேயே பூசிக்காட்டலாம் என்று பார்த்தேன். சேறு வழுக்கிக் காலில் விழுந்தது. சின்னப் பிள்ளைகள்கூடக் கைகொட்டிச் சிரித்தார்கள். அப்போதுதான் மயினி வாய் திறந்தாள்.

"சிரிக்காதுங்கோ. சேறு வாரினது தம்பிதான், நான் பொய் சொல்லமாட்டேன். எனக்காகத்தான் வாரினாரு."

அவ்வளவு பேரின் முன்னால் என் மானத்தை அவள்தான் காப்பாற்றினாள். அவள் வேண்டுமென்று சொன்னாளா, உண்மையாகவே நம்பிச் சொன்னாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. பார்வத்தியக்காரர் அன்னபாக்கியம் பேரை எழுதிக்கொண்டு வள்ளம் ஏறிவிட்டார். ராத்திரி என் பெண்டாட்டி ரெத்தினம் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு, "ஒங்க அண்ணன் செத்தும் ஒங்கள நம்பல்ல பாத்தேளா" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளோ என்னவோ, நான் கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். அடுத்த மாசியில் முதல் வேலையாக மயினியின் பதினோரு மரத்துக்கும் சேறு பூசிக்கொடுத்தேன், நல்லவனாகிவிட்டேன் என்று எண்ணாதீர்கள், பயம். அங்கே ஒன்றும் நடக்கவில்லை, என் பூச்சு என் பூச்சாகவே இருந்தது. பிறகு என் ஒன்பது மரத்துக்கு வந்தேன். முதல் மரத்தில் தொடங்கி வலப்பக்கமாகச் சுற்றிப் பாதி தூரம் போனேன், அதற்குமேல் கை வெறும் மண்ணில் படவில்லை. ஈரச் சேறு, அப்போதுதான் பூசிய சேறு, எதிர்ப்பக்கமாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது மரத்திலும் அப்படியே. ஒருவேளை எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று அடுத்த வருஷம் வேறு ஆளைக் கூப்பிட்டு விட்டேன். அவன் சற்று நேரத்தில் திரும்பி வந்து, "ஒரு பக்கம் பூசின மரத்துக்கு என்னை எதுக்கு விளிச்சீரு?" என்று கடவத்தை வைத்துவிட்டுப் போனான்.

பாதி வேலை மிச்சம்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் அப்படி நினைத்து ஆறிக்கொண்டிருந்தேன். ஆனால் மூன்றாம் வருஷம் பாதிக்கு முன்னாலேயே அந்த ஈரம் கையில் பட்டது. அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம் முன்னால். வருஷா வருஷம் என் பக்கமாக நகர்ந்து வருகிறது. தை பிறந்தால் எனக்கு உட்கார இருப்புக் கொள்வதில்லை, வாய்க்கால் கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருக்கிறேன், காலில் என்ன சக்கரமா என்று ரெத்தினம் சத்தம் போடுகிறாள், அவளிடம் இதைச் சொன்னதில்லை. அண்ணனிடம் மன்னிப்பும் கேட்டுப் பார்த்துவிட்டேன், வாய்விட்டே கேட்டேன், வாய்க்காலைப் பார்த்து நின்று.

சேறு வாரினவனுக்குத்தான் கரை என்று சொன்னேனே, மறந்துவிடாதீர்கள். போன மாசியில் ஒன்பது மரத்திலும் எனக்கென்று விட்டிருந்தது மரத்துக்கு ஒரு சாண். இந்த மாசிக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.