புலிக்கு வழி அடைத்த கணக்கு

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஐம்பதுகளின் தொடக்கம். அங்கே எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதன் ஒரு மீனவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாறைமேல் கரிக்கோடு கிழித்து ஆடு புலி ஆட்டம் ஆடுவோம். எனக்கு மூன்று புலி, அவனுக்குப் பதினைந்து ஆடு. புலிகளை நகரவிடாமல் அடைத்தால் ஆடு ஜெயித்ததாகக் கணக்கு. பி.ஏ. படித்த நான் ஒரு ஞாயிறுகூட ஜெயித்ததில்லை.

"ஆட்டுக்கு இன்னாத்துக்கு ஓட்டம்? புலி எங்க போவும்னு பாத்து முன்னாடியே குந்திக்கினா போதும்" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

அந்த வருடம் அவன் கட்டுமரம் உடைந்தது. மனைவிக்கு ஏழாம் மாதம். மதுவிலக்குக் காலம், மீன்கூடைக்கு அடியில் சாராயம் வைத்துத் திருக்கழுக்குன்றம் பக்கம் கொண்டுபோக ஆரம்பித்தான். என்னிடம் மறைக்கவில்லை.

"கொழந்த பொறக்கிற வரைக்கும்தான் வாத்தியாரே. நான் மாட்டிகினா அவளுக்கு நாதி இல்ல."

போலீசார் இரண்டு முறை பட்டப்பகலில் துரத்தினார்கள். இரண்டு முறையும் சவுக்குத் தோப்பில் புகுந்து தப்பிவிட்டான். டீக்கடையில் சப்-இன்ஸ்பெக்டர் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டார். ஆள் யாரென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

பையன்களின் பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் படம் போட்டேன். நம் வேகத்திலேயே ஓடுகிறவனை, அவன் இருக்கும் இடத்தைப் பார்த்தே துரத்தினால் கடைசிவரை அவன் முதுகைத்தான் பார்ப்போம். தோப்பைவிட்டு வெளியேற மூன்று வழி: கால்வாய்த் தோணித்துறை, ரோடு, கடற்கரை. வழிக்கு ஒருவர் நிற்கட்டும், மற்றவர்கள் வரிசையாக உள்ளே நடந்தால் போதும், ஓடவே வேண்டாம் என்றேன்.

"இத்தான் சார் படிப்புன்றது" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வெட்கங்கெட்டுச் சொல்கிறேன், அந்தப் பாராட்டு வீடு போய்ச் சேரும்வரை இனித்தது.

வியாழக்கிழமை அவன் பிடிபட்டான். தோணித்துறையில் காத்திருந்த போலீஸ்காரர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லையாம்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் ஆறு மாதம் ஜெயில் போட்டார்கள். வாசலில் கைவிலங்கோடு நின்றவன் என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு சிரித்தான்.

"இது நம்ம ஆட்டம் வாத்தியாரே. இவங்களுக்கு இவ்ளோ புத்தி ஏது? எவனோ சொல்லிக் குடுத்துகீறான். யாருன்னு தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"சரி வுடு. நான் வர்ற வரைக்கும் வூட்டாண்ட கொஞ்சம் பாத்துக்க. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

தலையை ஆட்டினேன். அந்த வாரமே அச்சரப்பாக்கத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிப்போட்டேன். கிடைத்ததும் மூட்டையைக் கட்டினேன். அதுவரைக்கும் அவன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பிறந்தது ஆணா பெண்ணா, தாய் பிழைத்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. இந்தத் தெரியாது மட்டும் நிஜம்.