சித்தி பாடிய ஏசல்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் கலைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஏழாம் வகுப்பில் எனக்கு எதுகை மோனை பிடிபட்ட புதிது. யார் வாயைத் திறந்தாலும் அடி பிரித்துப் பார்க்கும் கிறுக்கு. அந்தச் சமயத்தில்தான் குளத்தூரில் மாமாவுக்குக் கல்யாணம் வந்தது.

மாமா என்றால் அம்மாவுக்கும் சித்திக்கும் அத்தை மகன். சித்தியைத்தான் கட்டுவேன் என்று அவளிடமே வாக்குக் கொடுத்திருந்தாராம். நஞ்சையோடு வேறொரு பெண்ணை அவருடைய தாய் பார்த்ததும் மனிதர் வாயை மூடிக்கொண்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. எங்கள் வீட்டிலும் யாரும் போய் ஏன் என்று கேட்கவில்லை. சித்தி முகம் சுளிக்காமல் சோறாக்கினாள், தண்ணீர் எடுத்தாள், பொறுமைசாலி என்று பெயர் வாங்கினாள். பாழாய்ப்போன பெயர்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை ஏசிப் பாடுவது முறைப்பெண்களின் உரிமை. பாட்டில் என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. "முறைக்காரி நீ பாடாம வேற யாரு பாடுவா, வா தாயி" என்று மாமாவின் தாயே சித்தியைக் கையைப் பிடித்துப் பந்தலுக்கு இழுத்து வந்தாள். சித்தி பாடினாள்:

தங்கத்தில் தாலி செஞ்சு வந்தாராம் மாப்பிள்ளை
தந்த சொல்லைக் கண்மாயில் போட்டாராம் மாப்பிள்ளை
சிங்கம்போல் மீசைவச்சு நின்னாராம் மாப்பிள்ளை
சீயின்னா ஆத்தாமடி ஒளிஞ்சாராம் மாப்பிள்ளை

பந்தலே சிரித்தது. கடைசி அடிக்கு மாமாவின் தாய் விழுந்து விழுந்து சிரித்து, சித்திக்கு வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தாள்.

திருமயத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் என் புலமையை அவிழ்த்துவிட்டேன்.

"தங்கம், சிங்கம் எதுகை. தங்கம், தந்த மோனை. எல்லாஞ் சரி சித்தி. ரெண்டாவது அடிதான் ஒதைக்குது."

"என்னடி ஒதைக்குது?"

"சொல்லைப் போயி எப்படிக் கண்மாயில போடுறது? மோதிரத்தைப் போட்டாருன்னு பாடியிருக்கலாம்."

சித்தி என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "அங்கிட்டு வேற யாராச்சும் அந்த அடியப் பத்திப் பேசுனாகளா?"

"யாரும் பேசலையே. அது சும்மா மோனைக்குப் போட்டதுதானே?"

"ஆமாத்தா, மோனைக்குத்தான்" என்றாள். பிறகு அந்த ரவிக்கைத் துணியைப் பிரித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்தாள். ஊர் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. பாட்டைக் குறை சொன்னதில் கோபம் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரே அடியைச் சபையில் சொல்வதற்காகத்தான் மற்ற மூன்று அடிகளையும் அவள் கட்டியிருந்தாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.